வலியோட வீட்டுக்குள்ள அடைஞ்சு கிடந்தவங்க கேட்ட கேள்விகள்

எனக்கு முடக்குவாதம், அதாவது உடம்போட எதிர்ப்பு சக்தியே மூட்டைத் தாக்கற ரூமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ், பதிமூணு வருஷமா இருக்கு. ஊர் தஞ்சாவூர். 2020 மார்ச்ல கொரோனா ஊரடங்கு போட்டதுல இருந்து தெரிஞ்சவங்க, அவங்களுக்குத் தெரிஞ்சவங்கன்னு யாராவது போன் பண்ணி கேட்டுட்டே இருந்தாங்க. முட்டி வலி, முதுகு வலி, உடம்பு பூரா வலிக்கற ஃபைப்ரோமயால்ஜியா, சுகர்ல வர்ற நரம்பு வலின்னு வியாதி வேற வேறயா இருந்தாலும் கேள்வி எல்லாம் ஒரே மாதிரிதான். திரும்பத் திரும்ப பேசி தொண்டை காஞ்சதுதான் மிச்சம்னு ஒரு நோட்டுல எழுத ஆரம்பிச்சேன், அதைத்தான் இப்ப கொஞ்சம் திருத்தி போடறேன். நான் டாக்டர் இல்ல. மாத்திரை விஷயத்துல கடைசி வார்த்தை உங்க டாக்டரோடதுதான்.

1. நாள்பட்ட வலின்னா எத்தனை நாள் இருந்தா அப்படி சொல்வாங்க?

மூணு மாசத்துக்கு மேல போகாம இருந்தா, இல்ல விட்டு விட்டு வந்துட்டே இருந்தா, அது நாள்பட்ட வலி. கை உடைஞ்சா கட்டு போட்டு ஆறு வாரத்துல வலி போயிடும், அது காயத்தோட வலி. நாள்பட்டதுல காயம் ஆறினப்புறமும் வலி இருக்கும், சில பேருக்கு காயமே இருக்காது. எனக்கு மாதிரி வியாதி உள்ளுக்குள்ள ஓடிட்டே இருக்கறதால வர்றதும் உண்டு.

2. வலி உடம்புல தானே இருக்கு, இதுல மனசு எங்கருந்து வந்துச்சு?

வலியை ஆராய்ச்சி பண்றவங்களோட சர்வதேச சங்கம் ஒண்ணு இருக்கு, அவங்க 2020 ஜூலைல, சரியா நாம வீட்டுல அடைஞ்சு கிடந்தப்ப, வலிங்கறதுக்கு விளக்கத்தை திருத்தி எழுதினாங்க. அதுலயே வலிங்கறது உடம்புல உணர்றதும் மனசுல உணர்றதும் சேர்ந்த அனுபவம்னுதான் இருக்கு. வலிக்குதுன்னு ஒருத்தர் சொன்னா அதை மதிக்கணும்னும் சேர்த்திருக்காங்க. இந்த ஒரு வரியை அச்சடிச்சு எங்க வீட்டு ஹால்ல மாட்டலாமான்னு கூட யோசிச்சேன்.

எப்படி வேலை செய்யுதுன்னா, மெல்சாக், வால்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் 1965லயே சொன்னது, முதுகுத்தண்டுல ஒரு கதவு மாதிரி இருக்கு, கீழ இருந்து வர்ற வலி சேதியை அது கூட்டியும் விடும் குறைச்சும் விடும்னு. அந்தக் கதவை மூளையும் மேல இருந்து இழுக்கும். பயம், கவலை, தூக்கமில்லாம இருக்கறது எல்லாம் கதவை அகலமா திறந்து விடும். பொண்ணு கல்யாணத்தன்னைக்கு நாள் பூரா நின்னுட்டு மறுநாள்தான் கால் வலிக்குதுன்னு சொல்ற அம்மாக்களை பார்த்திருப்பீங்களே, அங்க கதவு பாதி மூடி இருந்திருக்கு.

3. அப்ப என் வலி மனப்பிரமைன்னு நீங்களும் சொல்றீங்களா?

இல்லவே இல்ல. கேள்வி கோவமாத்தான் வரும், எனக்கும் வந்துச்சு. பயந்தா நெஞ்சு படபடன்னு அடிக்குது, அதுக்காக இதயத் துடிப்பு பிரமைன்னு யாராவது சொல்றோமா? வலி நிஜம், அதைக் கூட்டுற குறைக்கிற விஷயத்துல மனசும் ஒண்ணு, அவ்வளவுதான். ஸ்கேன்ல ஒண்ணும் தெரியலைன்னா வலியே இல்லைன்னு அர்த்தம் கிடையாது. உலக சுகாதார நிறுவனத்தோட நோய்ப் பட்டியல், 2022 ஜனவரியில நடைமுறைக்கு வந்த 11வது பதிப்பு, அதுல நாள்பட்ட வலியையே தனி நோயா சேர்த்துட்டாங்க. அதனால "டெஸ்ட் எல்லாம் நார்மல், உங்களுக்கு ஒண்ணுமில்ல"ன்னு யாராவது சொன்னா அவங்க இன்னும் பழைய பாடத்துலயே இருக்காங்கன்னு எடுத்துக்கங்க.

4. லாக்டவுன்ல எல்லாரும் வீட்ல ரெஸ்ட் தானே எடுத்தாங்க, எங்களுக்கு மட்டும் எப்படி வலி கூடுச்சு?

ரெஸ்ட்டா! இதைக் கேட்டது ஒரு தம்பி, அவங்க அம்மாகிட்ட இதைக் கேட்டிருந்தா கரண்டி பறந்திருக்கும். வீட்டு வேலைக்கு வர்ற அக்காவை வர வேணாம்னு சொல்லியாச்சு, பசங்களுக்கு ஸ்கூல் இல்ல, வீட்டுக்காரருக்கு ஆபீஸ் இல்ல, மூணு வேளை இல்ல அஞ்சு வேளை சமையல், பால் பாக்கெட்டை கழுவு, காய்கறியை உப்புத்தண்ணில போடு, வெளிய போயிட்டு வந்த துணியை உடனே அலசிப் பிழி. மணிக்கட்டு வீங்கின கையால துணி பிழிஞ்சு பார்த்தவங்களுக்குத்தான் அது தெரியும். இன்னொரு பக்கம் ஐடில இருக்கற பசங்க டைனிங் டேபிள் நாற்காலில பத்து மணி நேரம் லேப்டாப்போட உட்கார்ந்து முதுகைக் கெடுத்துக்கிட்டாங்க.

அதை விட பெரிய விஷயம், நம்மள இத்தனை வருஷமா தாங்கிட்டிருந்த சின்னச் சின்ன முட்டு எல்லாம் ஒரே நாள்ல உருவிட்டாங்க. வாரம் ரெண்டு தடவை பிசியோதெரபி, கைக்கு மெழுகு ஒத்தடம், சாயங்காலம் பெரிய கோயில் வெளிப்பிரகாரத்துல ஒரு சுத்து, அங்க வர்ற ரெண்டு பேரோட பேச்சு, மாசம் ஒரு தடவை திருச்சிக்கு பஸ் ஏறி டாக்டரைப் பாக்கறது. பாக்க இது எதுவுமே சிகிச்சை மாதிரி தெரியாது, கோயிலைச் சுத்தறதை எந்த டாக்டரும் சீட்டுல எழுதல. ஆனா அதுதான் எனக்கு பாதி மருந்துன்னு அது போனப்புறம்தான் தெரிஞ்சுச்சு. மாவட்டம் தாண்ட இ-பாஸ் வேணும்னாங்க, அது கிடைக்கறதுக்குள்ள என் அப்பாயின்ட்மென்ட் தேதி போயிடுச்சு.

அதனால என்ன பண்ணலாம்னா, உங்களுக்கு எதெல்லாம் முட்டுக்கொடுத்துச்சுன்னு ஒரு தாள்ல எழுதுங்க, ஒவ்வொண்ணுக்கும் வீட்டுக்குள்ளயே ஒரு மாத்து கண்டுபிடிங்க. நான் பிரகாரத்துக்கு பதிலா மொட்டை மாடில காலைல இருபது சுத்து வச்சுக்கிட்டேன், எதிர் மாடில ஒரு அம்மா வடாம் காயப்போட வருவாங்க, கத்திக் கத்திப் பேசி சிநேகமாயிட்டோம். மெழுகுக்கு பதிலா வெதுவெதுப்பான தண்ணில கையை விட்டு விரலை மடக்கி நீட்டறது. முழுசா ஈடாகாது. ஆனா ஒண்ணுமே இல்லாததுக்கு இது எவ்வளவோ மேல்.

5. அப்ப மாத்திரை கிடைக்காம அலைஞ்ச பயம் இன்னும் போகல அக்கா, இப்பவும் வாங்கி வாங்கி அடுக்கறேன். இது வியாதியா?

என்னைக் கேட்டா அது வியாதி இல்ல, சூடு கண்ட பூனை. தெரியாதவங்களுக்கு கதையைச் சொல்லிடறேன். ஹைட்ராக்சிகுளோரோகுயின்னு ஒரு மாத்திரை, மலேரியாவுக்கு வந்தது, ரொம்ப வருஷமா முடக்குவாதக்காரங்க, அதே மாதிரி எதிர்ப்பு சக்தி உடம்பையே தாக்கற லூபஸ் வியாதிக்காரங்க தினமும் சாப்பிடறது. 2020 மார்ச் 22ம் தேதி வாக்குல கொரோனா வார்டு ஊழியர்களுக்கு முன்னெச்சரிக்கையா கொடுக்கலாம்னு மத்திய அரசோட மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில், ஐசிஎம்ஆர், சொன்னாங்க, அமெரிக்க அதிபர் ட்ரம்ப்பும் அதைப் புகழ்ந்து பேச, ஒண்ணுமில்லாதவங்க எல்லாம் அட்டை அட்டையா வாங்கிட்டுப் போயிட்டாங்க. அந்த வாரமே அரசு ஏற்றுமதியைத் தடுத்து, சீட்டு இல்லாம விக்கக்கூடாதுன்னு கட்டுப்பாட்டையும் இறுக்கினாங்க. என்கிட்ட சீட்டு இருந்துச்சு, மாத்திரைதான் இல்ல. ஆறு மெடிக்கல் ஷாப் ஏறி இறங்கினேன், ஒரு கடையில "உங்களுக்கும் கொரோனா பயமா மேடம்"னு சிரிச்சாங்க. அன்னைக்கு ராத்திரி வலியை விட அந்த சிரிப்புதான் தூங்க விடல. கடைசில அந்த மாத்திரை கொரோனாவுக்கு பிரயோஜனமில்லைன்னு பெரிய ஆராய்ச்சிகள்லயே தெரிஞ்சு போச்சு.

அப்ப எங்க டாக்டர் போன்ல சொன்ன ஒரு விஷயம்தான் எனக்கு உசிரு கொடுத்துச்சு. அந்த மாத்திரை உடம்பை விட்டுப் போக ரொம்ப நாள் ஆகும், பாதி குறையவே சுமார் 40 நாள், அதனால சில நாள் விட்டுப்போனா உடனே படுத்துட மாட்டீங்கன்னார். எல்லா மாத்திரையும் இப்படி இல்ல, அதனால உங்க மாத்திரை ஒருவேளை கிடைக்கலைன்னா என்ன ஆகும்னு டாக்டர்கிட்ட முன்னாடியே கேட்டு வச்சுக்கங்க, பாதி பயம் போயிடும். கையில ஒரு மாசத்துக்கு கூடுதலா இருந்தா போதும். சீட்டை போட்டோ எடுத்து போன்ல வைங்க, கம்பெனி பேரோட மருந்து பேரையும் தெரிஞ்சு வைங்க. ஆறு மாசத்துக்கு அடுக்கினா நாம பட்ட பாட்டை இன்னொருத்தர் படுவாங்க, எக்ஸ்பைரியும் ஆகிடும்.

6. இம்யூனிட்டியை குறைக்கற மாத்திரையாமே, கொரோனா பயத்துல நானே நிறுத்திட்டேன், சரிதானே?

தப்புங்க. மூட்டுவாத டாக்டர்களோட சங்கங்கள் 2020லயே தெளிவா சொன்னது, தொற்று இல்லாதவங்க தானா எதையும் நிறுத்தாதீங்கன்னு. வியாதி கிளம்பிடுச்சுன்னா அதை அடக்க ஸ்டீராய்டு கூட்ட வேண்டி வரும், அதுதான் இன்னும் ஆபத்து. ரொம்ப நாளா ஸ்டீராய்டு எடுக்கறவங்க திடீர்னு நிறுத்தினா உயிருக்கே ஆபத்தாகலாம், ஏன்னா உடம்பு தன் சொந்த ஹார்மோன் சுரக்கறதையே மறந்திருக்கும். காய்ச்சல் வந்தாலோ பாசிட்டிவ் ஆனாலோ எதை நிறுத்தணும் எப்ப திரும்ப ஆரம்பிக்கணும்னு டாக்டர் சொல்வார். இன்னொண்ணு, முடக்குவாதத்துக்குக் கொடுக்கற மெத்தோட்ரெக்சேட் வாரம் ஒரு நாள் மாத்திரை. பதட்டத்துல தினமும் போட்டுட்டு ஆஸ்பத்திரிக்குப் போனவங்க உண்டு, காலண்டர்ல அந்தக் கிழமையை வட்டம் போட்டு வைங்க.

7. வலி மாத்திரை ஐப்யூப்ரோஃபென் போட்டா கொரோனா முத்திடும்னு வாட்ஸ்அப்ல வந்துச்சே?

2020 மார்ச்ல ஃபிரான்ஸ் சுகாதார அமைச்சர் போட்ட ஒரு ட்வீட்ல ஆரம்பிச்சது. அதே வாரத்துல உலக சுகாதார நிறுவனம் அந்த மாத்திரையைத் தவிர்க்கச் சொல்லலைன்னு சொல்லிட்டாங்க. முதல் சேதி எல்லா க்ரூப்லயும் வந்துச்சு, ரெண்டாவது எந்த க்ரூப்லயும் வரல. ஆனா கிட்னி, அல்சர், பிரஷர் இருக்கறவங்க அதை இஷ்டத்துக்கு போடக்கூடாதுங்கறது கொரோனாவுக்கு முன்னாடியும் உண்மை, இப்பவும் உண்மை.

8. வீடு நிறைய ஆள் இருந்தும் ஏன் இவ்வளவு தனியா இருந்துச்சு? சொன்னா "எனக்கும்தான் கால் வலிக்குது"ங்கறாங்க

இந்தக் கேள்வியை வேற வேற வார்த்தையில எத்தனை பேர் கேட்டிருப்பாங்கன்னு எண்ணவே முடியல. வீட்டுல எல்லாரும் இருக்கறப்ப அழக்கூட இடம் இல்ல, பாத்ரூம்ல குழாயைத் திறந்து விட்டுட்டு அழுதேன்னு ஒரு தங்கச்சி சொன்னா. முன்னாடி எல்லாரும் வெளிய போனப்புறம் பதினொரு மணிக்கு ஒரு மணி நேரம் படுப்போம், அது யாருக்கும் தெரியாது, இப்ப மாமியார், வீட்டுக்காரர், பசங்க எல்லார் கண்ணு முன்னாடியும் படுக்கணும், படுத்தா "என்ன இந்நேரத்துல"ன்னு ஒரு பார்வை. மறைச்சு வச்ச வலியெல்லாம் வெளிச்சத்துக்கு வந்துடுச்சு.

சண்டை போட்டு ஜெயிக்க முடியாதுங்க. "எனக்கும்தான்"னு சொல்றவங்களுக்கும் நிஜமாவே வலி இருக்கலாம், அத்தைக்கு அறுபத்தெட்டு வயசு, முட்டி தேஞ்சிருக்கும், அவங்க யார்கிட்ட சொல்வாங்க? எனக்கு உதவினது ஒண்ணுதான். "வலிக்குது"ன்னு பொதுவா சொல்றதை விட்டுட்டு வேணுங்கறதைச் சொன்னேன். "குக்கர் மூடியை நீங்க திறந்து கொடுங்க, மத்ததை நான் பாத்துக்கறேன்", "பத்துல இன்னைக்கு ஏழு, அரை மணி படுத்துட்டு வர்றேன்". நம்பர் சொன்னா ஆம்பளைங்களுக்கு ஏனோ சட்டுனு புரியுது. பிரிட்ஜ் மேல ஒரு சின்ன போர்டு வச்சு காலைல நம்பர் எழுதிடுவேன், சின்னவன் அதைப் பாத்துட்டு தானா தண்ணிக்குடத்தை எடுத்து வைப்பான்.

9. வலிக்குப் போனா டிப்ரஷன் மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கார், கூகுள் பண்ணி பாத்து பயந்துட்டேன்

அமிட்ரிப்டிலின், டுலாக்செடின் மாதிரி ஏதாவது இருக்கும். 2வது கேள்வியில சொன்ன கதவு இருக்கே, அதை மேல இருந்து மூடற ரசாயனங்களை இந்த மாத்திரைங்க கூட்டும், அதனால மனச்சோர்வே இல்லாதவங்களுக்கும் நரம்பு வலிக்கு, ஃபைப்ரோமயால்ஜியாவுக்கு கொடுக்கறாங்க. அமிட்ரிப்டிலினை வலிக்கு ராத்திரில 10 இல்ல 25 மில்லிகிராம்னுதான் பெரும்பாலும் ஆரம்பிப்பாங்க, மனச்சோர்வுக்கு அதை விட நிறைய வேணும். வாய் வறளும், காலைல தூக்கம் அசத்தும், பலன் தெரிய சில வாரம் ஆகும், மூணே நாள்ல "ஒண்ணும் கேக்கல"ன்னு தூக்கிப் போடாதீங்க, எடுத்துட்டிருக்கறப்ப திடீர்னு நிறுத்தவும் செய்யாதீங்க.

சரி, நிஜமாவே டிப்ரஷனுக்குத்தான் கொடுத்திருந்தா? அப்பவும் என்ன, நாள்பட்ட வலியும் மனச்சோர்வும் சேர்ந்து வர்றது ரொம்ப சகஜம். ரெண்டு வாரத்துக்கு மேல எதுலயும் பிடிப்பில்ல, பிடிச்ச சாப்பாடு கூட இறங்கல, விடியக்காலைல முழிப்பு வந்து மனசு கனக்குதுன்னா நீங்களே டாக்டர்கிட்ட வாயைத் திறந்து சொல்லுங்க, அவரா கேப்பார்னு காத்திருக்காதீங்க.

10. மூச்சுப் பயிற்சி, தியானம் பண்ணா போதும்னு சொல்றாங்களே?

போதாது, ஆனா வேஸ்ட்டும் இல்ல. மெதுவா மூச்சு விட்டா இறுகின தோள், தாடை எல்லாம் தளரும், வலிங்கற அலாரத்தோட சத்தம் கொஞ்சம் குறையும். வியாதியை அது நிறுத்தாது. என் பக்கத்துல பெரிய மாத்தம் வந்தது ரெண்டு விஷயத்தால. ஒண்ணு, சாயங்காலம் இன்னைக்கு எத்தனை பாசிட்டிவ் எத்தனை சாவுன்னு டிவில ஓடறதைப் பாக்கறதை நிறுத்தினது.

இன்னொண்ணு வேலையை அளந்து பண்றது. நமக்கு ஒரு பழக்கம், வலி குறைஞ்ச நாள் வந்தா மூணு நாள் வேலையை அன்னைக்கே முடிச்சிடணும். லாக்டவுன்ல ஊரே பரணை ஒழிச்சுது, நானும் ஒரு நல்ல நாள்ல ஏறி பித்தளைப் பாத்திரம் அத்தனையும் புளி போட்டுத் தேச்சேன், அப்புறம் நாலு நாள் படுக்கை, அதோட "நம்மால எதுவுமே முடியாது"ங்கற அழுகை. அந்த அழுகை பாத்திரத்தால வந்தது, விதியால இல்ல. இப்ப போன்ல பதினஞ்சு நிமிஷம் டைமர், அடிச்சா உட்காரணும், பாத்திரம் பாதில இருந்தாலும் சரி. நல்ல நாள்லயும் அதே பதினஞ்சுதான், மோசமான நாள்லயும் அஞ்சு நிமிஷமாவது வேலை நடக்கணும். கேக்க சாதாரணமா இருக்கும், செய்யறது கஷ்டம், எனக்கு ஒரு வருஷம் ஆச்சு.

11. போன்ல டாக்டர்கிட்ட பேசினா மருந்து சீட்டு செல்லுமா? மூணு நிமிஷத்துல என்னத்த சொல்றது?

செல்லும். 2020 மார்ச் 25ம் தேதியே டெலிமெடிசின் விதிமுறையை வெளியிட்டுட்டாங்க, டாக்டரை ஆன்லைன்ல பாக்கற அரசோட இ-சஞ்சீவனி சேவை இலவசம்தான். சில மாத்திரைகளை மட்டும் போன்ல எழுத முடியாது, மார்ஃபின் மாதிரி போதைப்பொருள் சட்டத்துக்குள்ள வர்றது, நேர்லதான் போகணும்.

மூணு நிமிஷத்துக்கு மூணு வரி எழுதி வச்சுக்கங்க. காலைல விறைப்பு எவ்வளவு நேரம் இருக்கு, போன மாசம் செய்ய முடிஞ்ச எந்த வேலை இப்ப முடியல, தூக்கம் எத்தனை மணி நேரம். வீங்கின மூட்டை பகல் வெளிச்சத்துல போட்டோ எடுத்து அனுப்புங்க. "நல்லா இருக்கீங்களா"ன்னு கேட்டதும் பழக்கதோஷத்துல "நல்லா இருக்கேன் டாக்டர்"னு ஆரம்பிச்சு நான் ரெண்டு தடவை ஏமாந்தேன்.

12. எங்கம்மாவுக்கு இருபது வருஷமா முட்டி வலி, கொரோனாவுக்கு அப்புறம் வெளியவும் வரல, பேச்சும் குறைஞ்சிடுச்சு. என்ன பண்ண?

அவங்க வெளிய வராததுக்கு பயம் எவ்வளவு, வலி எவ்வளவுன்னு முதல்ல பிரிச்சுப் பாருங்க. ஒன்றரை வருஷம் உட்கார்ந்தே இருந்ததுல தொடைத் தசை இளைச்சிருக்கும், தசை இளைச்சா முட்டி இன்னும் வலிக்கும், அதனால இன்னும் உட்காருவாங்க. தெருமுனை வரைக்கும் கூட நடங்க, மறுவாரம் ரெண்டு வீடு தாண்டி. வீட்டை விட்டு வரவே முடியலைன்னா தமிழ்நாடு அரசோட மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் இருக்கு, 2021 ஆகஸ்ட்ல தொடங்கினது, பிசியோதெரபியும் வீட்டுக்கே வரும், ஆரம்ப சுகாதார நிலையத்துல கேளுங்க. "ஏம்மா உம்முன்னு இருக்க"ன்னு மட்டும் கேக்காதீங்க. வெங்காயம் உரிக்கறப்ப பக்கத்துல உட்காருங்க, பேச்சு தானா வரும்.

13. இப்படி இருக்கறதுக்கு செத்துடலாம்னு தோணுது. யார்கிட்டயும் சொல்ல முடியல

என்கிட்ட சொன்னீங்கல்ல, அதே மாதிரி இன்னைக்கே இன்னொருத்தர்கிட்டயும் சொல்லணும். இப்படித் தோணறது வலியோட இருக்கறவங்களுக்கு வர்றதுதான், வெக்கப்பட ஒண்ணுமில்ல, ஆனா தனியா வச்சுக்கக் கூடாது. 14416, அரசோட மனநல உதவி எண் டெலி மானஸ், எந்நேரமும் எடுப்பாங்க, தமிழ்ல பேசலாம். தமிழ்நாட்டுல 104 சுகாதார உதவி எண் இருக்கு. சென்னையில தற்கொலைத் தடுப்புக்கான ஸ்நேகா அமைப்பு 044-24640050, 1986ல இருந்து இதே வேலையா இருக்கறவங்க. வீட்டுல இருக்கற மாத்திரை எல்லாத்தையும் வேற ஒருத்தர் கையில கொடுத்து தினத்துக்கு உண்டானதை மட்டும் வாங்கிக்கங்க, அந்த எண்ணம் அலை மாதிரி ஏறி இறங்கும், ஏர்ற நேரத்துல கைக்கு எட்டாம இருந்தாலே பெரிய பாதுகாப்பு. இப்பவே ஏதாவது பண்ணிடுவேன்னு தோணினா 108 கூப்பிடுங்க, இல்ல பக்கத்து அரசு ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்கு யாரையாவது கூட்டிட்டுப் போங்க. போலீஸ் கேஸ் ஆகிடும்னு பயந்து மறைக்கறாங்க, 2017 மனநலச் சட்டமே அப்படி முயற்சி பண்ணவங்களை கடுமையான மன அழுத்தத்துல இருந்தவங்களாத்தான் பாக்கச் சொல்லுது, அவங்களைப் பாத்துக்கறது அரசோட பொறுப்புன்னும் சொல்லுது.

14. எனக்கு வலியே கிடையாது, கொரோனா வந்து போனப்புறம்தான் உடம்பெல்லாம் வலி. இதுவும் நாள்பட்ட வலில சேருமா?

சேரலாம். 2006ல சிக்குன்குனியா வந்தப்ப காய்ச்சல் ஒரு வாரம், மூட்டு வலி மாசக்கணக்குல இருந்துச்சே, அது ஞாபகம் இருக்கறவங்களுக்கு இது புதுசா இருக்காது. 1வது பதில்ல சொன்ன மூணு மாசக் கணக்கு இங்கயும் உதவும். கொரோனாவுக்கு ஸ்டீராய்டு நிறைய எடுத்தவங்களுக்கு இடுப்புல, தொடை இடுக்குல வலி வந்தா தள்ளிப் போடாதீங்க, எலும்புக்கு ரத்த ஓட்டம் குறைஞ்சு இடுப்பு மூட்டு கெடறது உண்டு, சாதா எக்ஸ்ரேல ஆரம்பத்துல தெரியாது, எம்ஆர்ஐ வேணும். மூட்டு வீங்கி காலைல ஒரு மணி நேரம் விறைப்பா இருந்தா மூட்டுவாத டாக்டர்.

15. கேக்கவே கூச்சமா இருக்கு. ஊரே அடைஞ்சு கிடந்தப்ப எனக்கு நிம்மதியா இருந்துச்சு. திரும்ப எல்லாம் திறந்ததும்தான் மனசு சரியில்ல. நான் கெட்டவளா?

இதைக் கேட்டவங்க குரலைத் தாழ்த்திக் கேட்டாங்க, நானும் குரலைத் தாழ்த்தித்தான் "எனக்கும்"னு சொன்னேன். சாவு விழுந்த வீடுங்க எத்தனை, எங்க தெருவுலயே ரெண்டு, அந்த நேரத்துல நிம்மதின்னு சொல்ல நாக்கு கூசுது. ஆனா யோசிச்சுப் பாருங்க, முதல் தடவையா கல்யாணத்துக்கு ஏன் வரலைன்னு யாரும் கேக்கல. வளைகாப்புக்கு மூணு மணி நேரம் தரையில உட்கார வேணாம். ஆபீஸை வீட்டுல இருந்தே பாக்கலாம்னு ஆச்சு, நாம வருஷக்கணக்கா கேட்டு "அதெல்லாம் முடியாதும்மா"ன்னு சொன்ன அதே விஷயம் ஒரே வாரத்துல முடிஞ்சுது. ஊரே நம்ம வேகத்துக்கு இறங்கி வந்துச்சு. அதுல வந்த நிம்மதியை ஊர் கஷ்டப்பட்டதுல வந்த சந்தோஷம்னு போட்டுக் குழப்பிக்காதீங்க.

2023 மே 5ம் தேதி உலக சுகாதார நிறுவனம் அவசரநிலை முடிஞ்சுதுன்னு அறிவிச்சாங்க, அடுத்த முகூர்த்தத்துல எனக்கு மூணு பத்திரிகை. எல்லாம் பழைய வேகத்துக்குப் போயிடுச்சு, நாம அங்கயே நிக்கறோம், மனசு சரியில்லாம என்ன செய்யும். நான் இப்ப பத்திரிகை வைக்க வர்றவங்க முகத்தைப் பாத்தே சொல்லிடறேன், "முகூர்த்தத்துக்கு வர்றேன், ரிசப்ஷனுக்கு வர முடியாது, எனக்கு ஒரு நாற்காலி மட்டும் ஓரமா போட்டு வைங்க"ன்னு. போன தை மாசம் ஒரு கல்யாணத்துல நிஜமாவே போட்டு வச்சிருந்தாங்க, துண்டு வேற விரிச்சு.